எழுந்திருக்காத கலியமூர்த்தி

போன மாதம் மகள் வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது, கடைசிப் படி தாண்டிவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு படி இருந்தது. கணுக்கால் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. மகள் என்னைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனாள். வாசலிலேயே ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், என் மணிக்கட்டில் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டி, "ஆன்ட்டி, நீங்க கிரீன். கொஞ்சம் உக்காருங்க, கூப்பிடுவோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியாமல் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அவள் உடனே குனிந்து என் கண்ணைப் பார்த்து, "விழுந்தப்ப தலையில எங்கயாவது அடிபட்டுச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள்.

அவளுக்கு எப்படித் தெரியும், நானும் ஒரு காலத்தில் இதே வேலையைப் பார்த்தவள் என்று. காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் நான் நர்ஸாக இருந்தேன். அடிபட்டு வருகிறவர்களை வாசலில் நின்று பார்த்து, யாரை முதலில் கவனிப்பது, யார் கொஞ்சம் பொறுக்கலாம் என்று பிரிப்பது எங்கள் வேலை. பட்டை கட்டுவதும் உண்டு. ஆனால் எங்கள் பட்டை பிளாஸ்டிக் இல்லை, ஜாக்கெட் துணி.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்குப் பிறகு எங்களுக்கெல்லாம் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். சிவப்பு என்றால் இப்போதே, மஞ்சள் என்றால் சற்றுப் பொறுத்து, பச்சை என்றால் நடக்கக் கூடியவர், காத்திருக்கலாம். கறுப்பு என்றால் இனிச் செய்ய ஒன்றுமில்லை. மாதிரிக்கு ஆளுக்குப் பத்து அட்டை கொடுத்தார்கள். அட்டை ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது. கேட்டு எழுதிப் போட்டோம், பதில் வந்தபாடில்லை. என்னோடு வேலை பார்த்த மும்தாஜுக்கு என் வயதுதான். வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது பெரியது. அவள் அக்கா வீட்டு மச்சான் தையல் கடை வைத்திருந்தார். அங்கே மிஞ்சிய ஜாக்கெட் துணிகளை அள்ளிவந்து இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தோம். பச்சைத் துணி ஏதோ கல்யாண ஜாக்கெட்டின் மிச்சம் போலிருக்கிறது, ஓரத்தில் ஜரிகை ஓடும். லேசான சிராய்ப்போடு வருகிற பெண்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும்போது கழற்றிக் கொடுக்க மறந்துவிடுவார்கள். கறுப்பை எங்கள் இருவருக்குமே பிடிக்காது. ஒருநாள் டீ ஃபிளாஸ்க்கின் கைப்பிடி உடைந்ததும் மும்தாஜ் கறுப்புத் துணியை எடுத்து அதில் சுற்றிக் கட்டிவிட்டாள். "இதுக்காவது ஒதவட்டும்" என்றாள்.

நான் விழிதியூர்க்காரி. வயலும் வாய்க்காலும்தான் எனக்குத் தெரியும். கடற்கரை ஊர்களின் நடைமுறை எதுவும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கரையோரத்து ஆட்கள் யாராவது அடிபட்டு வந்தால் பின்னாலேயே ஊரே வந்து நிற்பதைப் பார்த்து மலைத்துப்போவேன். ஒருவனுக்குச் சுண்டுவிரல் நசுங்கியிருக்கும், கூட நாற்பது பேர் நிற்பார்கள். "இதுல பேஷன்ட் யாருங்க?" என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கேஷுவாலிட்டி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே நான்கு கட்டில், ஒரு சக்கரம் முரண்டு பிடிக்கும் தள்ளுவண்டி, வெளியே தாழ்வாரத்தில் நீளமாக ஒரு மர பெஞ்சு. பிரெஞ்சுக்காரன் காலத்து பெஞ்சு என்று சொல்லிக்கொள்வார்கள். பத்து பேர் தாராளமாக உட்காரலாம். ஒரே பலகை என்பதால் எல்லோரும் ஒன்றாக எழுந்தால் கிரீச் என்று முனகும். பச்சைப் பட்டைக்காரர்களுக்கு அதுதான் இடம்.

இப்போதும் எங்காவது கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றால், அந்த வாசனையோடு டெட்டால் வாசனையும் சேர்ந்து வருகிற மாதிரி எனக்குத் தோன்றும். அதற்கு ஒரு காலை நேரம் காரணம். பத்து மணி இருக்கும். நானும் மும்தாஜும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டாவது வாய் வைத்திருப்போம். ஒரு டெம்போ வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து மல்லிகைப்பூ, சந்தனம், பட்டுப்புடவை, வாழைப்பழத் தார், சேறு, ரத்தம் எல்லாம் ஒன்றாக இறங்கின. மொத்தம் பதினான்கு பேர்.

கரையோரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து காதுகுத்துக்குச் சீர் கொண்டு போனவர்கள். குறுக்கே வந்த ஆட்டுக்காகத் திருப்பியதில் சீர் வண்டி வயலுக்குள் கவிழ்ந்துவிட்டது. நடவு முடிந்த சேற்று வயல். அதனால்தான் பிழைத்தார்கள். ஒரு பெண் உடம்பெல்லாம் சேறாக இருந்தும் தேங்காய்த் தட்டை மட்டும் கவிழாமல் பிடித்துக்கொண்டே இறங்கினாள். அந்தத் தட்டை வாங்கி வைக்க எங்களுக்கு இடம் தெரியவில்லை. கடைசியில் ஸ்டெரிலைசர் மேல் வைத்தோம்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி நான் வாசலில் நின்று, "நடக்க முடிஞ்சவங்கள்லாம் இந்தப் பக்கமா வாங்க" என்று குரல் கொடுத்தேன். எட்டு பேர் நடந்து வந்தார்கள். எல்லோருக்கும் பச்சை. அதில் ஒருவர்தான் கலியமூர்த்தி. காது குத்தவிருந்த குழந்தைக்குத் தாய்மாமன். அவர் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த தன் அத்தையைக் கேலி செய்து சிரிக்க வைத்துக்கொண்டே வந்தார். "எங்கயாவது வலிக்குதாங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல சிஸ்டர். சீர் கொடத்தக் கட்டிப்புடிச்சிக்கிட்டே விழுந்துட்டேன். கொடந்தான் ஒடுங்கிப் போச்சு. அவுங்களப் பாருங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஜரிகைப் பட்டையைக் கட்டினேன். முடிச்சுக்கூட அழகாகப் போட்டேன் என்று நினைவு.

உள்ளேதான் கூத்து. சிவப்பு இரண்டு பேர். தொடை எலும்பு முறிந்த வாலிபர் ஒருவர், விலா எலும்பு உடைந்து மூச்சு வாங்கிய ஒரு பெண். மஞ்சள் மூன்று. ஆக பதின்மூன்று. பதினான்காமவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயது, வெள்ளை மீசை, நெற்றியில் கிழிசல். நெற்றிக் காயம் சிறியதாக இருந்தாலும் கொட்டித் தீர்த்துவிடும். வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் ஆள் திடமாக நின்றார். அவர்தான் அந்த ஊர் நாட்டார். என்றைக்குக் கடலுக்குப் போவது, என்றைக்குப் போகக் கூடாது, யார் வீட்டு விசேஷம் எந்தத் தேதியில் என்பதெல்லாம் அவர் வாயால் வரவேண்டும். அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு அவர் ஒரு மஞ்சளா பச்சையா என்பது மட்டும்தான் கேள்வி.

தொடை முறிந்தவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைக்கிறோம், அவர் முழங்கையை ஊன்றி எழுந்துவிடுகிறார். மறுபடி படுக்க வைக்கிறோம், மறுபடி எழுகிறார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "நாட்டாரு நிக்கிறாரு. நான் எப்படிங்க படுத்துக் கெடக்கறது?"

நாட்டார் வாசற்படியிலிருந்து, "படுடா, நான்தான் சொல்றன்ல" என்றார். அவர் சொன்னதையும் கேட்கவில்லை. மூச்சு வாங்கிய அந்தப் பெண் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் தள்ளி, "மொதல்ல அவருக்கு" என்று கையைக் காட்டினாள். கோயில் திருநீறிலிருந்து கல்யாணப் பந்தி வரைக்கும் முதலில் அவருக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. அந்த வரிசையை மீறி ஊசி போட்டுக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை. டியூட்டி டாக்டர் கையில் ஊசியோடு என்னைப் பார்த்தார். நான், "இது ஆஸ்பத்திரிங்க, கோயில் இல்ல" என்று சத்தம் போட்டேன். அப்போது எனக்குச் சத்தம் போடத்தான் தெரியும். யாரும் அசையவில்லை.

மும்தாஜ் ஒரு கட்டுத்துணி உருளையை எடுத்துக்கொண்டு போனாள். நாட்டாரை ஸ்டூலில் உட்கார வைத்து, நெற்றியில் பஞ்சை அழுத்தி, தலையைச் சுற்றி நாலு சுற்று. கோயிலில் பரிவட்டம் கட்டுகிற அதே பவ்யத்தோடு கட்டினாள். முப்பது விநாடிகூட ஆகியிருக்காது. பிறகு உள்ளே திரும்பி உரக்கச் சொன்னாள்: "நாட்டாருக்கு மொதல் மருந்து ஆச்சு. இனிமே நாங்க கூப்புடற வரிசை."

தொடை முறிந்தவர் அப்போதே படுத்துவிட்டார். அந்தப் பெண் தானே மாஸ்க்கை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். டாக்டர் மும்தாஜைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஊசி போடப் போனார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதன்பிறகு கை பரபரவென்று ஓடியது. காலுக்குப் பலகை வைத்துக் கட்டினோம், சலைன் ஏற்றினோம், எக்ஸ்ரேக்கு அனுப்பினோம். தலைக்கட்டோடு நாட்டார் ஓரிடத்தில் உட்காரவில்லை. தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து தன் ஆட்களை விசாரித்துக்கொண்டே இருந்தார். அவர் பெஞ்சைக் கடக்கும்போதெல்லாம் எட்டுப் பச்சைகளும் எழுந்து நிற்பார்கள். பெஞ்சு கிரீச் என்னும். அவர் போனதும் உட்காருவார்கள். திரும்பி வருவார், மறுபடி கிரீச். பஞ்சு எடுக்க வெளியே வந்தபோது இதைப் பார்த்து எனக்கு எரிச்சல்.

"ஐயா, நீங்க ஒரு எடத்துல உக்காருங்க. அடிபட்டவங்க ஒங்களால தண்டால் எடுக்குறாங்க" என்றேன்.

நாட்டாருக்குச் சிரிப்பு வந்தது. கட்டை அழுத்திக்கொண்டு சிரித்தார். "சொன்னா கேக்க மாட்டானுவொம்மா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்தே எந்திரிக்கிறானுவோ" என்றார்.

அடுத்த முறை நான் வெளியே வந்தபோது அவர் மறுகோடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். பெஞ்சு எழுந்தது. ஏழு பேர். கலியமூர்த்தி மட்டும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற அத்தை அவர் தோளை இடித்து, "டேய், நாட்டாரு வர்றாரு, எந்திரிடா" என்றாள். "எந்திரிக்கிறேன்" என்றார் அவர், லேசாகச் சிரித்தபடி. எழுந்திருக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாராட்டினேன். "பாருங்க, இவரு ஒருத்தராவது சொன்ன பேச்சக் கேக்குறாரு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன். நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். அலறுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, அமைதியாக இருப்பவனைப் போய்ப் பார் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் இவர் அமைதியாகவும் இல்லையே. சிரிக்கிறார், பேசுகிறார். பாடத்தில் இவரைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இரண்டடிதான் வைத்திருப்பேன். இதற்கு முந்தைய இரண்டு நடைக்கும் அந்த பெஞ்சில் முதலில் எழுந்தது இவர்தான் என்று சட்டென்று நினைவு வந்தது. திரும்பினேன். அங்கே நாட்டாரும் நடையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "அம்மா, இவன் எந்திரிக்காம இருக்க மாட்டானே" என்றார்.

கையைப் பிடித்துப் பார்த்தேன். ஐஸ். உள்ளங்கை முழுக்க வியர்வை. நாடி மெல்லிசாக, எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. சட்டையைத் தூக்கினால் இடது விலாவுக்குக் கீழே குடத்தின் விளிம்பு பதிந்த அரைவட்டம். வயிற்றில் விரல் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் உடம்பு எப்படியோ சமாளித்திருக்கிறது, இனி முடியாது என்று இப்போதுதான் கைவிட்டிருக்கிறது. "ஏங்க சொல்லல?" என்றேன். "நல்ல காரியம் சிஸ்டர். மாமன் படுத்துட்டான்னா தடங்கலாயிடும்" என்றார். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது.

நான் ஆசையாகப் போட்ட முடிச்சு அவிழவில்லை. பல்லால் இழுத்து அவிழ்த்தேன். சிவப்பைக் கட்ட நேரமில்லை, மும்தாஜ் தள்ளுவண்டியோடு வந்துவிட்டாள். அந்த முரண்டுச் சக்கரம் அன்றைக்கு ஏனோ ஒழுங்காக ஓடியது. இரண்டு கையிலும் பெரிய ஊசியாகப் போட்டுச் சலைனைத் திறந்துவிட்டோம். மேல் பிரஷர் எண்பதைத் தொடவில்லை. சர்ஜனுக்கு ஆள் ஓடியது. அதற்குள் சேதி கேட்டு ஓடிவந்திருந்த ஊர்க்காரர்கள் ரத்தம் கொடுக்கத் தாழ்வாரம் முழுக்க நின்றார்கள். நாட்டார்தான் முதலில் கையை நீட்டினார். வயதைக் கேட்டு வேண்டாம் என்று சொன்னதும் அவருக்கு ஏமாற்றம். பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "வரிசையெல்லாம் பாக்காதீங்கடா. எவன் ரத்தம் சேருதோ அவன் மொதல்ல போ" என்றார். அந்த ஊர் வழக்கத்தில் அப்படி ஓர் உத்தரவு அதற்கு முன்னால் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மண்ணீரல் கிழிந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். சர்ஜன் வெளியே வந்து, "அரை மணி தள்ளியிருந்தா கஷ்டம்" என்று மட்டும் சொன்னார். நான் மருந்து ஸ்டோர் கதவுக்குப் பின்னால் போய் அழுதேன். என் கையால் கட்டிய பச்சை என்னைச் சும்மா விடவில்லை. மும்தாஜ் தேடிவந்து, காலையில் பிரித்த இட்லிப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "கட்டுனதும் நீ, அவுத்ததும் நீ. தின்னு" என்றாள். காய்ந்துபோன அந்த இட்லி ருசியாக இருந்தது. ஸ்டெரிலைசர் மேல் தேங்காய்த் தட்டு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பச்சைக்காரர்களை ஒருமுறை பார்த்ததோடு விடுவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருத்தி வெளியே போய், எல்லோரையும் எழுந்து நின்று உட்காரச் சொல்லிப் பார்ப்போம். மும்தாஜ் அதற்கு 'நாட்டார் நடை' என்று பெயர் வைத்தாள். "நடை போயிட்டு வந்தியா?" என்பாள். டாக்டரும் கேட்க ஆரம்பித்துவிட்டார். பயிற்சி கொடுக்க வந்தவர்களிடம் ஒருமுறை இந்தப் பெயரைச் சொன்னோம். எழுதிக்கொண்டார்கள், என்ன புரிந்துகொண்டார்களோ.

இரண்டு மாதம் கழித்துக் காதுகுத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வந்தது. மும்தாஜ் சந்தன நிறப் பட்டு உடுத்தி வந்தாள். நான் அவளைவிட நல்ல புடவையாகத் தேடி உடுத்தினேன். கோயில் வாசலில் கலியமூர்த்தி பாயில் உட்கார்ந்திருந்தார், ஆள் பாதியாக இளைத்து, மடியில் மருமகளோடு. ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்து அடுத்த காதுக்கு ஊசியை எடுத்த நேரம் நாட்டார் வந்தார். கூட்டம் மொத்தமும் எழுந்தது. கலியமூர்த்தியும் குழந்தையை அணைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார். ஆசாரி பதறி ஊசியைப் பின்னுக்கு இழுத்தார்.

நாட்டார் அவர் தோளில் கையை வைத்து அழுத்தினார். "உக்காருடா. அன்னைக்கி நீ எந்திரிக்காததாலதான் இன்னைக்கி உக்காந்திருக்கே. இனிமே எனக்கு நீ எந்திரிக்க வேணாம்."

ஊரே சிரித்தது. குழந்தை அழுதது. எனக்கும் கண் கலங்கியது, சிரிப்பினால் என்று மும்தாஜிடம் சொல்லிக்கொண்டேன். நெய்ச்சோறும் வஞ்சிரம் வறுவலும் அன்றைக்கு நாங்கள் சாப்பிட்ட அளவை இங்கே எழுத மாட்டேன்.

நாட்டார் விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை, ஊர் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது. ஊர்க்கூட்டத்தில் நாட்டார் வந்தால் எல்லோரும் எழுவார்கள், கலியமூர்த்தி மட்டும் உட்கார்ந்திருப்பார். முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்ததாம். எழப் பார்த்தால் நாட்டார் விரலை ஆட்டி, "உக்காரு" என்பாராம். மண்ணீரல் இல்லாதவர்களுக்குப் போடுகிற ஊசிக்கு வரும்போதெல்லாம் கலியமூர்த்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் அவிழ்த்துப்போட்ட அந்த ஜரிகைப் பட்டையை அவர் மனைவி எடுத்துப்போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்திருக்கிறாளாம்.

அந்தக் கேஷுவாலிட்டியைப் பிறகு இடித்துவிட்டார்கள். புதிதாக வந்த கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். பெஞ்சு போன இடம் தெரியவில்லை. இரும்பு நாற்காலிகளைத் தரையோடு முடுக்கியிருக்கிறார்கள், எழுந்தால் சத்தம் வராது. மும்தாஜ் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனாள். கொஞ்ச நாள் கடிதம் போட்டாள், பிறகு போனில் பேசினாள், இப்போது பெருநாளுக்குப் பெருநாள் அவள் பேரப்பிள்ளைகளின் படம் வருகிறது. பிஸ்கட் டின் மட்டும் என்னிடம்தான் இருக்கிறது, அதில் இப்போது ஊசி நூல் போட்டுவைத்திருக்கிறேன்.

நாட்டார் மூன்று வருஷத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார். தொண்ணூறை நெருங்கிய வயது. கேள்விப்பட்டுப் போனேன். பந்தலில் நாற்காலி போட்டுக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. இளசுகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலியமூர்த்திக்குத் தலை நரைத்திருந்தது. எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். உடலை வெளியே கொண்டுவந்தபோது அந்தக் கூட்டத்தில் முதலில் எழுந்தது அவர்தான். நாட்டாரைக் கடலைப் பார்த்த பாதையில் கொண்டுபோனார்கள். எங்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கலியமூர்த்தி நின்றார். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் நின்றார்.

"உக்காருங்க கலியமூர்த்தி" என்றேன், பழைய நர்ஸ் குரலில்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவரு சொல்லலீங்களே, சிஸ்டர்" என்றார்.